நிலமும் பொழுதும் ஒலியும்: பொட்டிபுரத்தை முன்வைத்து ஒலிவரம்பின் வரலாறு

ஒலியை நிலத்தோடு பிணைத்துக் கூறும் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் ஒன்றாக வைத்தார். உரையாசிரியர் அதனை விரித்துக் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என நிலந்தோறும் பறை வகுத்துக் காட்டினர். இந்திய அரசு 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் வெளியிட்ட ஒலி மாசு ஒழுங்குபடுத்தல், கட்டுப்படுத்தல் விதிகளும் நிலத்தை நான்காகப் பகுத்து ஒவ்வொன்றற்கும் ஓர் ஒலியளவை வகுக்கின்றன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபெல், இரவில் 70. வணிகப்பகுதிக்கு 65, 55. குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதிப் பகுதிக்கு 50, 40 என்பன அவ்வளவுகள்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காண்பார்க்கு, இன்றைய சட்டம் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று கூறும் ஆவல் எழுதல் இயல்பு. அவ்வாவலை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒப்புமை மேற்போக்கானது. இலக்கண நூலார் நிலத்துக்கு உரிய ஒலி யாது எனக் கூறினர். சட்டநூலார் நிலம் தாங்கத்தக்க ஒலி எவ்வளவு எனக் கூறுகின்றனர். முன்னதில் ஒலி நிலத்தின் செல்வம். பின்னதில் அது நிலத்தின்மேல் விழும் சுமை. அக்கருத்து இக்கருத்தாக மாறியது எவ்வாறு, இடையில் நேர்ந்தவை யாவை என்பதே ஆராய்தற்குரியது. அவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகப் போடிநாயக்கனூருக்கு அணித்தாக மேற்கு மலையடிவாரத்தில் அமைந்த பொட்டிபுரத்தை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி நிலத்துச் சிற்றூர் ஒன்று, நகரை எண்ணி வகுத்த ஒலிச்சட்டத்தின் முன் எந்நிலையில் நிற்கின்றது என்பதை அவ்வூர் தெளிவாகக் காட்டும்.

முதற்கண் இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். இலக்கியம் சட்டமன்று, ஆயினும் ஒலிபற்றி மக்கள் கொண்டிருந்த மனநிலையை அறிய அதனினும் சிறந்த கருவி இல்லை. சங்க நூல்களில் கம்பலை, அரவம், ஆர்ப்பு, அழுங்கல், இமிழ்தல், முழங்கல் எனப் பயிலும் சொற்களுள் பெரும்பாலன இழிவுப்பொருள் தாராதவை. ஊருக்கு அடைமொழியாக 'அழுங்கல்' வருங்கால், அவ்வூர் இரைச்சலால் கெட்டது என்பது பொருளன்று. மக்கள் நிறைந்து வாழ்வது என்பதே பொருள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் ஒரு நகரின் பகலையும் இரவையும் ஒலிகளாலேயே பெரும்பாலும் அளந்து காட்டுகின்றது. அங்காடியின் ஆரவாரம், பல மொழி பேசுவோர் கலந்த முழக்கம், மாலையில் எழும் இசை ஆகியன முறையே வந்து, யாமம் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக அடங்குகின்றன. இரண்டாம் யாமத்தில் நகரம் அலையோய்ந்த கடலை ஒத்து அமைந்தது என்பர் புலவர். நகரை அவ்வாறு அடக்கிய ஆணை ஒன்றும் அப்பாட்டில் இல்லை. கடை அடைபட்டது, கூத்தர் துயின்றனர், ஆதலின் ஒலி அடங்கிற்று என்பதே அங்குள்ள முறை.

இரவொலியைத் தொல்லையாகக் கருதும் பாட்டுகளும் இல்லாமல் இல்லை. பரணரின் அகநானூற்று 122ஆம் பாட்டில் தலைவி இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளை அடுக்கிச் சொல்கின்றாள். ஊர் துயிலாமை, தாய் துயிலாமை, காவலர் சுற்றுதல், நாய் குரைத்தல், கூகை குழறுதல், கோழி கூவுதல் என அவை தொடர்கின்றன. குடியிருப்புப் பகுதி ஒன்றின் இரவொலிப் பட்டியல் இதனினும் நிறைவாக எங்கும் கிடைத்தல் அரிது. எனினும் அவளுடைய குறை ஒலி மிகுதி என்பதன்று, ஊர் விழித்திருக்கின்றது என்பதே. இவ்வேறுபாட்டை மாணவர் பலர் விட்டுவிடுகின்றனர்.

குறிஞ்சி நிலத்தில் ஒலி தொழிற்கருவியுமாயிற்று. தினைப்புனம் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் முதலியவற்றால் கிளி ஓட்டியதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு கூறும். யானையை ஓட்டுவார் கவண் வீசிப் பரண்மீது ஆர்த்தனர். மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இரவில் ஒலியெழுப்பாமை அறமாகவில்லை. ஒலியெழுப்பினால்தான் விளைவு மிஞ்சிற்று. பின்னர்ப் பொட்டிபுரத்தைப் பற்றிப் பேசுங்கால் இச்செய்தி மீண்டும் வேண்டப்படும்.

ஒலிக்கருவிகளுள் முரசு மட்டும் வேறு நிலையில் இருந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாது ஏறித் துயின்ற மோசிகீரனாரை அவ்வேந்தன் கொல்லாது விட்டுக் கவரி வீசிய செய்தியைப் புறநானூற்று 50ஆம் பாட்டு பாராட்டுகின்றது. பாராட்டப்பட்டமையே, வழக்கமாகக் கிடைத்திருக்கும் ஒறுப்பு எத்தன்மையது என்பதைக் காட்டும். முரசு முழங்குதல் அரசுரிமை. முரசின் ஒலி எவ்வளவு என்று எவரும் கேட்டிலர். அது யாருடையது என்பதே கேள்வி.

இக்கேள்வி இடைக்காலத்தில் கல்வெட்டாணையாக வெளிப்படுகின்றது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள கல்வெட்டு ஒன்று தென்னிந்தியக் கல்வெட்டுகளின் மூன்றாம் தொகுதியில் அச்சேறியுள்ளது. அது கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டமுடைய வேந்தன் வெங்காலநாட்டுக் கம்மாளர்க்கு அளித்த ஆணை. பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதலாக, அவர்கள் தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை முதலியன கொட்டலாம், வெளியிற் செல்லும்போது காலணி தரிக்கலாம், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாணை இசைவு தருகின்றது. கோனேரின்மைகொண்டான் என்பது வேந்தர் பலர் தாங்கிய பட்டமாதலின் அப்பெயர் ஒன்றுகொண்டே காலம் துணிதல் கூடாது. ஈண்டு வேண்டப்படுவது காலமன்று, ஆணையின் அமைப்பே.

அவ்வமைப்பை ஊன்றி நோக்குதல் தகும். சங்கும் பேரிகையும் காலணியோடும் சுவர்ச்சாந்தோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கண்ணுக்குத் தெரியும் மதிப்பும் காதுக்குக் கேட்கும் மதிப்பும் ஒன்றாகவே எண்ணப்பட்டன என்பது இதனாற் பெறப்படும். சங்கு ஒன்றா, இரண்டா என்பது அதனை ஊதுவோரின் படிநிலையைக் குறித்தது. அது செவிக்கு மிகையா, குறையா என்ற ஆராய்ச்சி அங்கு இல்லை. இசைவு தந்த கல்வெட்டு எதுவும், அதற்குமுன் இசைவு இல்லாதிருந்தமைக்கும் சான்றாகும். கைத்திறனால் கோயில்களை எழுப்பிய ஒரு குடியினர், தம் வீட்டுத் திருமணத்தில் சங்கு ஊதுவதற்கு வேந்தனின் ஓலை வேண்டியிருந்தது. தமிழகத்தின் ஒலிச்சட்ட வரலாற்றை 1989ஆம் ஆண்டிலிருந்தோ 2000ஆம் ஆண்டிலிருந்தோ தொடங்குவோர், குடியிருப்பில் ஒலியெழுப்புவதைப் பற்றிய இவ்வரிய ஆணையைக் காணாது விடுகின்றனர். சட்டத்துறை நூல்களில் இதனைக் காணாமைக்கு அத்துறையாரைக் குறைகூறிப் பயனில்லை; கல்வெட்டைப் படிப்பவர் நாமே அன்றோ?

சென்னையில் வலங்கை இடங்கைப் பூசல்களிலும் இவ்வுரிமையே பொருளாயிற்று. எத்தெருவில் எக்கொடியோடும் எம்மேளத்தோடும் எவர் செல்வது என்பதன்மேல் எழுந்த வழக்குகள் கும்பினியாரைப் பலகாலும் அலைக்கழித்தன. 1707ஆம் ஆண்டில் தாமஸ் பிட் ஆளுநராயிருந்தபோது மூண்ட பூசலில் தெருக்களையே இருசாரார்க்கும் பிரித்து வரையறுக்க வேண்டி வந்தது. வணிகம் செய்ய வந்தோர் மேளத்துக்கு எல்லை கட்டுவோராயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. வரிசையுரிமை என்பது போய் ஊரமைதி என்பது சட்டத்தின் நோக்கமாயிற்று. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவற் சட்டம் ஊர்வலங்களையும் அவற்றின் இசையையும் ஒழுங்குபடுத்தும் ஆற்றலைக் காவலர்க்குத் தந்தது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் காவற் சட்டம் அதன் 30ஆம் பிரிவில், விழாக்காலங்களில் தெருவில் இசை எவ்வளவுக்குப் பயன்படலாம் என்பதைக் காவல் அலுவலர் வரையறுக்கலாம் என்றது. 'எவ்வளவு' என்னும் சொல் இங்கேதான் சட்டத்தினுள் புகுகின்றது. ஆனால் அளவுகோல் ஒன்றும் உடன் வரவில்லை. அலுவலரின் காதே அளவுகோல். 1860ஆம் ஆண்டின் தண்டச் சட்டம் 268ஆம் பிரிவில் பொதுத்தொல்லை என்பதற்கு இலக்கணம் கூறியபோதும் அளவு கூறவில்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையிலும் அவ்விலக்கணம் 270ஆம் பிரிவாக ஏறத்தாழ அவ்வாறே தொடர்கின்றது.

அக்காலத்து வழக்குகள் பெரும்பாலும் சமயம் பற்றியன. 1882ஆம் ஆண்டில் சேலத்தில் பள்ளிவாசலையும் ஊர்வலத்தையும் பற்றி எழுந்த கலகம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. மறு ஆண்டில், சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், பொதுத்தெருவில் இசையோடு ஊர்வலம் செல்லுதல் எல்லாச் சமயத்தார்க்கும் உரியது என்றும், அவ்வுரிமை ஊரமைதி கருதி நடுவர் இடும் ஆணைகளுக்கு உட்பட்டது என்றும் முடிவு செய்தது. இத்தீர்ப்பின் சிறப்பு, தெரு ஒரு சாராரின் உடைமையன்று என்றமையில் உள்ளது. கருவூர்க் கம்மாளர் ஓலை கேட்டுப் பெற்ற உரிமை இப்போது கேளாமலே எல்லார்க்கும் கிட்டியது, ஏட்டளவிலேனும். சிற்றூர்களில் சேரித் திருமணத்து மேளம் ஊர்த்தெருவுக்குள் வருதல் கூடாது என்ற தடை, தீர்ப்புக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்தும், எம் தெருவில் எம் மேளம் ஒலிக்கும் என்று வற்புறுத்தியும் ஒடுக்கப்பட்டோர் இருபதாம் நூற்றாண்டில் நடத்திய போராட்டங்கள், ஒலி வரிசையுரிமையாயிருந்த பழைய சட்டத்தோடு நடந்த போராட்டங்களே.

அளவுகோல் மேனாட்டிலிருந்து வந்தது. டெசிபெல் என்னும் அலகு தொலைபேசிப் பொறிஞரிடையே 1920களில் பிறந்தது. தொலைபேசியைக் கண்ட பெல் அவர்களின் பெயர் அதனுள் மறைந்திருக்கின்றது. 1929ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரம் இரைச்சல் தணிப்புக் குழு ஒன்றை அமைத்து, கருவி பொருத்திய ஊர்தியைத் தெருத்தெருவாகச் செலுத்தி அளந்து, மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டது. இரைச்சலை எண்ணாக்கிய முயற்சிகளுள் அது முன்னோடியானது. டெசிபெல் மடக்கைமுறை அளவு என்பதை மொழித்துறை மாணவர் நினைவிற் கொள்ளவேண்டும். பத்து டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகின்றது. ஆகவே குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பாகிய 55க்கும் இரவு வரம்பாகிய 45க்கும் இடையிலுள்ள வேற்றுமை சிறிதன்று.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் வழி 1989 டிசம்பரில் இவ்வெண்கள் முதலில் அறிவிக்கப்பட்டன. மேற்கூறிய 2000ஆம் ஆண்டு விதிகள் அவற்றுக்குச் செயல்முறை வகுத்தன. ஒலிபெருக்கிக்கு எழுத்து வடிவில் இசைவு வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அது கூடாது. வரம்பை மீறினால் எவரும் முறையிடலாம். ஆயின் 7ஆம் விதியை நுணுகிப் படித்தால், இரவுத் தடையை மீறியதாலன்றி வெறும் அளவு மிகுதியால் முறையிடுவோர், வரம்பைக் காட்டிலும் 10 டெசிபெல்லேனும் மிகுந்தது என்று காட்டவேண்டும் என்பது தெரியவரும். எனவே வீட்டில் இருப்போர்க்குப் பகல் வரம்பு 55 என்பது ஏட்டில் உள்ளது. வாய்திறக்கும் வரம்பு 65. மடக்கை நோக்கில் இது பத்து மடங்கு ஆற்றல். விதியை எடுத்துரைக்கும் கட்டுரைகளுட் பல 55 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன.

தமிழகத்தில் இவ்வளவுகோல் நீதிமன்றத்தில் நிலைபெற்ற வழக்கு சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த குடியிருப்பு ஒன்றிலிருந்து எழுந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தார் அருகிலிருந்த திருச்சபை ஒன்றின் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் எதிர்த்து முறையிட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் அளவெடுத்தனர். சாலையில் செல்லும் ஊர்திகளின் இரைச்சலும் அவ்வளவிற் கலந்துள்ளது எனத் திருச்சபைத் தரப்பில் கூறப்பட்டது. 1995ஆம் ஆண்டின் அப்பாராவ் வழக்கில் தான் வகுத்த நெறியைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்பற்றியது. மேல்முறையீட்டில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிறருடைய அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியாலோ முரசறைந்தோ வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இசை எழுப்புவோர் உரிமை முதன்மை பெற்றது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கேட்கமறுப்போர் உரிமை முதன்மை பெற்றது. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ஒலி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கிய விரிவான தீர்ப்பு இதனை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது.

இனிப் பொழுதை நோக்குவோம். விதியின் இரவு 10 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகின்றது. சிறுபொழுது ஆறாகக் கொண்டு ஒவ்வொன்றற்கும் பத்து நாழிகை வகுக்கும் முறைப்படி மாலை 10 மணிக்கு முடியும். யாமம் 10 முதல் 2 வரை. வைகறை 2 முதல் 6 வரை. ஆகவே சட்டத்தின் இரவு என்பது யாமமும் வைகறையும் சேர்ந்தது. எல்லைகள் பிழையின்றிப் பொருந்துவது வியப்பே ஆயினும் தற்செயலே. பொருந்தாமையே அதனினும் பயன்தருவது. யாமத்தையும் வைகறையையும் தமிழ் மரபு ஒன்றாகக் கருதியதில்லை. யாமம் அடங்கும் பொழுது, குறிஞ்சிக்கு உரியது. வைகறை எழும் பொழுது, மருதத்துக்கு உரியது. மார்கழியில் கோயிற் பாட்டு எழுவது வைகறையில். தீபாவளி வெடி ஒலிப்பதும் வைகறையில். சட்டத்துக்கோ இரண்டும் நள்ளிரவோடு ஒத்தவை.

இம்முரண் 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரவு 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. வடநாட்டில் தீபாவளி இரவு விழா. தமிழகத்தில் அது விடியல் விழா. தமிழ்நாட்டு அரசு முறையிட்டதன்பேரில் அம்மாதம் 30ஆம் நாள், அவ்விரண்டு மணி நேரத்தை மாநிலம் தன் வழக்கத்துக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம் என நீதிமன்றம் திருத்தியது. அரசு காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் குறித்தது. விடியலுக்கு முன் என்ற வழக்கம் 6 மணிக்குப் பின் என்று தள்ளப்பட்டமை காண்க. சட்டத்தின் இரவு அசையவில்லை. விழாவே அசைந்து கொடுத்தது.

இவ்வளவும் நகரை நோக்கியவை. இனிப் பொட்டிபுரம். தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பிரிந்தது. அம்மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், அம்பரப்பர் மலை எனப்படும் குன்றின் அடியில் அமைந்த ஊராட்சி இது. மேலே ஏலமலைச் சரிவுகள். கீழே மானாவாரிக் காடுகள், ஆட்டுக்கிடைகள். இவ்வட்டாரத்தின் ஒலிகளும் வரலாறு உடையவை. 1928ஆம் ஆண்டு முதல் போடிக்கு வந்த மதுரை இரயில், பாதை அகலப்படுத்துதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள்தான் அதன் ஊதல் மீண்டும் போடியிற் கேட்டது. ஏலக்காய் வணிகத்தில் கூவி விலை கேட்கும் முறை 2007ஆம் ஆண்டில் மின்னணு ஏலத்துக்கு இடங்கொடுத்தது. 'ஏலம்' என்ற சொல் இரு பொருளிலும் பொருந்தும் ஓர் ஊரில் கூவும் குரல் மட்டும் மறைந்தது. மலைச்சரிவில் தட்டையும் குளிரும் இருந்த இடத்தில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் வெடி போடுதல் வந்துள்ளது. கருவி மாறினும் பொழுது அதே யாமம்.

இவ்வூரை விதியின் நான்கு நிலங்களுள் எதில் அடக்குவது? தொழிற்பகுதியன்று, வணிகப்பகுதியன்று. வீடுகள் உள்ளமையின் குடியிருப்பு எனலாம். ஆயின் வீட்டுக்கு அப்பால் விளைநிலம், அதற்கப்பால் மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் காடு. இவற்றுக்கு விதியில் பெயரே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் அற்ற திணைப்பாகுபாடு அது. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011ஆம் ஆண்டில் ஒலியளக்கும் நிலையங்களை நிறுவத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டவை சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்கள். அளக்கும் கருவி இருக்கும் இடத்தில்தான் அளவுச்சட்டம் உயிர்பெறும்.

பொட்டிபுரத்தின் பெயரை உலகறியச் செய்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். காஸ்மிக் கதிர்கள் புகாத இடம் வேண்டி, எப்புறமும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் பாறை சூழ்ந்த குகையை மலையினுள் அமைத்து, 50,000 டன் இரும்பாலான காந்தக் கருவியை அங்கு நிறுவுதல் அறிவியலாரின் நோக்கம். அம்பரப்பர் மலையின் சார்னகைட்டுப் பாறை அதற்கு ஏற்றதெனக் கண்டனர். ஒருவகையில் அவர்கள் தேடியதும் அமைதியே, கதிர்களின் அமைதி. ஆயின் அதனை அடைய ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழியைப் பாறையை வெடித்துக் குடைதல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் இசைவும் 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவையின் இசைவும் கிடைத்தன. ஊராரும் சூழலியலாரும் தெரிவித்த தடைகளுள் வெடியின் ஒலியும் அதிர்வும் இடம்பெற்றன. அளவறிந்து சிறிது சிறிதாக வெடிப்போம், வீடுகளில் அது உணரப்படாது என்று அறிவியலார் விடை கூறினர். அவ்விடையை ஐயுற்று நோக்குதல் இக்கட்டுரையின் வேலையன்று. இவ்வழக்கை ஒலிவிதிகள் எவ்வாறு கேட்கும் என்பதே நம் வினா.

விதியிலுள்ள எண்கள் நொடிக்கு நொடி காணும் அளவல்ல. குறித்த நேரம் முழுமைக்கும் பரப்பிக் காணும் சராசரி. பகல் என்பது 16 மணி நேரம், அதாவது 57,600 நொடிகள். அமைதியான ஓர் ஊரில் ஒரே ஒரு நொடி 100 டெசிபெல் வெடியொலி கேட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றலை 57,600 நொடிகளுக்கும் பரப்பினால் கிடைப்பது ஏறத்தாழ 52 டெசிபெல். குடியிருப்புப் பகுதியின் வரம்பாகிய 55க்கு உட்பட்டதே. அதே ஊரில் சாவு வீட்டிலோ கோயிலிலோ ஒரு மணி நேரம் 80 டெசிபெல் அளவில் பறை ஒலித்தது எனில், அதே முறையிற் கிடைப்பது ஏறத்தாழ 68. அது வரம்பையும் மீறும். முறையிடுதற்குரிய 65ஐயும் மீறும். பாறை பிளக்கும் ஒலி சட்டத்துக்குக் கேளாது, பறை கேட்கும். இஃது எவரும் எண்ணி வகுத்த ஓரவஞ்சனை என்று யான் கூறேன். நகரத்து ஊர்தி இரைச்சலைப் போல ஓயாது ஓடும் ஒலியை அளக்கப் பிறந்த கணக்கு அது. விட்டுவிட்டு எழும் ஒலியை அளக்கும் இடத்தில் இவ்வாறு விளைகின்றது. ஆயினும் விளைவை நோக்கின், ஒலிக்குரியவர் யார் என்று கேட்ட பழஞ்சட்டமும் ஒலி எவ்வளவு என்று கேட்கும் புதுச்சட்டமும் இவ்வொரு செய்தியில் மிக விலகி நிற்கவில்லை. இரண்டிலும் பறையே முதலில் அகப்படுகின்றது.

வெடிக்கு வேறு வரம்புகள் உண்டு என்பதையும் கூறவேண்டும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997ஆம் ஆண்டில் விடுத்த சுற்றறிக்கை, வெடிப்பால் நிலத்தில் எழும் அதிர்வுக்குக் கட்டடத்தின் வகை நோக்கி எல்லை வகுத்தது. மண்வீடு, ஓட்டுவீடு போன்றவற்றுக்குக் கடுமையான எல்லையும் உறுதியான கட்டடங்களுக்குத் தளர்ந்த எல்லையும் அதில் உள்ளன. சுவர் பிளவாமை அதன் கருத்து. சுவருக்குள் துயில்வோர் அதன் கருத்தில் இல்லை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட விரும்பும் ஊரார் மாவட்ட ஆட்சியரையோ காவல் துணைக் கண்காணிப்பாளர்க்குக் குறையாத அலுவலரையோ நாடவேண்டும். வெடிப்பார் நாடும் வாயில்கள் வேறு.

திட்டத்தின் பிற்கால வரலாறு ஒலியைத் தொடாமலே நடந்தது. 2015 மார்ச்சில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, மாநில வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என்றது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருத்தலைச் சுட்டிச் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. 2018ஆம் ஆண்டில் இசைவு புதிதாக வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதனை ஏற்றபோதும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழி ஆவணத்தில் இத்திட்டத்துக்கு இடந்தர இயலாது என்றது. அதற்குக் காட்டிய முதன்மைக் காரணங்கள், மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலிகளின் வழித்தடமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிடிப்புமாம்.

குறிஞ்சியின் கருப்பொருட் பட்டியலில் விலங்கு என்ற தலைப்பின்கீழ் உரையாசிரியர் வைத்தவற்றுள் புலி ஒன்று. பறையும் அப்பட்டியலில் உண்டு. பொட்டிபுரத்து வழக்கில் புலிக்குத் தடம் காட்டும் நிலப்படம் இருந்தது. ஒலிவிதியின் நிலப்பகுப்பில் அவ்வூருக்குப் பின்னுள்ள மலைக்குப் பெயரே இல்லை. புலியின் வழித்தடத்தைக் கொண்டே அம்மலை அரசின் ஆவணத்தில் ஏறிற்று.